மறைப்பதெல்லாம் பொய்யா?

வீட்டில் மரச்சட்டம் கட்டி ஃபால்ஸ் சீலிங் போடும்போது தச்சருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் நடுவே தவறாமல் எழும் பேச்சு ஒன்று உண்டு: ஃபேனை எதில் மாட்டுவது? ஜிப்சம் போர்டு அதைத் தாங்காது. போர்டைப் பிடித்திருக்கும் இரண்டங்குல மரச்சட்டத்திலும் மாட்டக்கூடாது. போர்டில் வட்டமாகத் துளை போட்டு, நீளமான ராடை அதன் வழியே மேலே விட்டு, காங்கிரீட் தளம் போட்ட அன்றே கம்பியோடு சேர்த்துப் புதைத்த கொக்கியில் மாட்டுவதுதான் முறை. துளையின் விளிம்பை ஒரு கிண்ணமூடி மறைத்துவிடும். வேலை முடிந்து அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்கு, ஃபேன் அந்த வெள்ளைப் பலகையிலிருந்தே தொங்கும். பலகையோ தன் எடைக்கே மேலிருக்கும் மரத்தை நம்பியிருக்கிறது.

அப்படியானால் அந்த அறை பொய் சொல்கிறதா?

விளையாட்டாகக் கேட்பதுபோல் தோன்றும் இந்தக் கேள்வியை வைத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய சண்டையே நடந்தது. அதுவும் கட்டுமானச் செலவைப் பற்றியோ அழகைப் பற்றியோ அல்ல; பாவத்தைப் பற்றி. சண்டையைத் தொடங்கியவர் அகஸ்டஸ் பியூஜின் என்ற கட்டடக் கலைஞர். 1835-இல் கத்தோலிக்கத்துக்கு மாறியவர். லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் உள்ளலங்காரம் பெரும்பாலும் அவர் கைவண்ணம். 1841-இல், முப்பது வயது நிரம்பும் முன்பே, கிறித்துவக் கட்டடக்கலையின் உண்மையான கோட்பாடுகள் என்று ஒரு நூலை வெளியிட்டார். தேவையில்லாத உறுப்பு எதுவும் கட்டடத்தில் இருக்கக்கூடாது. தாங்குகிற உறுப்பைத்தான் அழகுபடுத்த வேண்டும், அதை ஒளித்துவைக்கக் கூடாது என்பது அவர் வகுத்த சட்டம். கடவுளின் வீடே நடித்தால் அதற்குள் நின்று சொல்லும் பிரார்த்தனைக்கு என்ன மதிப்பு என்பது அதற்குப் பின்னாலிருந்த ஆவேசம்.

அந்தச் சட்டத்தின்படி அவர் கூண்டில் ஏற்றிய பெரிய குற்றவாளி லண்டன் செயின்ட் பால் பேராலயம். 1675-இல் தொடங்கி 1711-இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில் கிறிஸ்டோபர் ரென் செய்திருந்த ஏற்பாடு அப்படிப்பட்டது. ஊர் முழுக்கத் தெரியும் வெளிக் குவிமாடம், மரச்சட்டத்தின்மேல் ஈயத்தகடு போர்த்திய ஓடு மட்டுமே. உள்ளே நிற்பவர் அண்ணாந்து பார்ப்பது அதைவிடப் பல அடி தாழ்வான வேறொரு குவிமாடம். இரண்டுக்கும் நடுவில், எவர் கண்ணிலும் படாமல், செங்கல்லால் கட்டிய ஒரு கூம்பு நிற்கிறது. உச்சியிலிருக்கும் சுமார் 850 டன் கல்மாடத்தைச் சுமப்பது அந்தக் கூம்புதான். போதாக்குறைக்கு, பக்கச் சுவர்களை முட்டுக்கொடுத்து நிறுத்தும் வளைவுகளையும் ரென் உயரமான மறைப்புச்சுவர் எழுப்பி ஒளித்துவிட்டார். பாதிக் கட்டடம் மீதிப் பாதியை மறைப்பதற்காகவே கட்டப்பட்டிருக்கிறது என்று பியூஜின் பொரிந்து தள்ளினார்.

ரென் பக்கத்து நியாயமும் எளிதானதே. ஊருக்குத் தெரியும் அளவு உயரமான குவிமாடத்தை உள்ளே அப்படியே திறந்துவிட்டால், கீழே நிற்பவருக்கு அது இருண்ட கிணறாகத்தான் தெரியும். வெளியே ஒரு உயரம் வேண்டும், உள்ளே வேறொரு உயரம் வேண்டும், சுமை போவதற்கு மூன்றாவது ஒரு வழி வேண்டும். மூன்று வேலைக்கு மூன்று ஓடு. வீட்டில் பத்தரை அடி உயரத் தளத்துக்குக் கீழே ஒன்பதரை அடியில் ஃபால்ஸ் சீலிங் போடுகிறவரும், சிறிய அளவில், இதே கணக்கைத்தான் போடுகிறார்.

எட்டு ஆண்டு கழித்து, 1849-இல், கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் இந்த வழக்கில் இன்னும் நுட்பமான தீர்ப்பு எழுதினார். கட்டடக்கலையின் ஏழு விளக்குகள் என்ற அவருடைய நூலில் ஒரு விளக்கின் பெயர் உண்மை. கட்டடம் மூன்று வகையில் பொய் சொல்லலாம் என்கிறார். தாங்குவது ஒன்றிருக்க வேறொன்று தாங்குவதாகக் காட்டுவது. ஒரு பொருளை வேறு பொருளாகத் தெரியும்படி வண்ணம் பூசுவது. கை செய்ததாகக் காட்டி எந்திரம் வார்த்த அலங்காரத்தை ஒட்டுவது. ஆனால் பியூஜின் போகாத ஓர் இடத்துக்கும் ரஸ்கின் போனார். தன் எலும்புக்கூட்டை வெளியே காட்ட வேண்டிய கடமை கட்டடத்துக்கு இல்லை. மனித உடலின் தோல் உள்ளுறுப்புகளை மூடியிருப்பதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லையே என்று கேட்டார். அவருடைய கோபம், பார்ப்பவர் நிஜமாகவே ஏமாந்துபோகும் இடத்தில்தான். வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் மைக்கேலாஞ்சலோ தீட்டிய தூண்களையும் விளிம்புகளையும் அவர் மன்னித்தார். எவரும் அவற்றைக் கல் என்று நினைப்பதில்லை. மிலன் பேராலயக் கூரையில் கல்வேலைப்பாடு போலத் தீட்டிய கோடுகளை அவர் மன்னிக்கவில்லை. அசட்டையாகப் பார்ப்பவர் அவற்றைக் கல்லென்றே நம்பிவிடுவார்.

இந்த அளவுகோலை வைத்து ரோம் நகரின் சான்ட் இக்னாசியோ ஆலயத்துக்குள் நுழைந்தால் சுவாரசியமான சிக்கல் வரும். அங்கே குவிமாடமே கிடையாது. 1685-இல் அந்திரேயா போஸ்ஸோ என்ற இயேசு சபைத் துறவி, தட்டையான பெரிய கித்தானில் ஒரு குவிமாடத்தை வரைந்து மேலே பொருத்தினார். தரையில் பதித்த ஒரு வட்டத்தின்மேல் நின்று பார்த்தால் அசல் குவிமாடமே தலைக்குமேல் எழும்பி நிற்கும். நாலடி நகர்ந்தால் கோணி விழும். எங்கே நின்றால் ஏமாறுவாய் என்று தரையிலேயே குறித்துக்கொடுத்துவிட்டு ஏமாற்றுகிற ஒன்றைப் பொய் என்பதா, விளையாட்டு என்பதா?

வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ் 1898-இல் எழுதிய கட்டுரையில் இதற்கெல்லாம் ஒற்றை விதி சொன்னார்: போர்வை எதன்மேல் போர்த்தப்படுகிறதோ, அதுவாகவே தன்னைக் காட்டிக்கொள்ளக்கூடாது. மரத்துக்கு எந்த வண்ணமும் பூசலாம், மரத்தின் வண்ணத்தைத் தவிர. இன்றைய கடைகளில் தேக்கின் வரி அச்சிட்ட பி.வி.சி. பலகைகள் அடுக்கிவைக்கப்பட்டிருப்பதை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்கலாம். மரச்சட்டத்தில் அந்தப் பலகையைப் பொருத்தும் வீட்டில், சுமை தாங்கும் அசல் மரம் கண்ணில் படாது. கண்ணில் படும் மரம் எதையும் தாங்காது. வெள்ளை அடித்த ஜிப்சம் போர்டு இந்தக் குற்றத்துக்கு ஆளாவதில்லை. அது தன்னை மரமென்றோ காங்கிரீட் என்றோ சொல்லிக்கொள்வதில்லை.

மறைக்கப்படும் அந்த மரவேலையில் ஏமாற்றுக்கு அதிகம் இடமில்லை. முதலில் டியூப் லெவல் பிடித்தோ லேசர் வைத்தோ நான்கு சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடு அடிப்பார்கள். தரையிலிருந்து அளந்தால் தவறு வரும், ஏனென்றால் தரைக்கே வாட்டம் இருக்கும். கோட்டின்மேல் சுவரோரச் சட்டங்கள். அவற்றுக்கு நடுவே இரண்டடி இடைவெளியில் நீளச் சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும். அவை தொய்யாமலிருக்க மேல்தளத்திலிருந்து இறங்கும் தொங்குகட்டைகள். எட்டுக்கு நாலடி போர்டின் ஓரங்கள் சட்டத்தின் நடுவில் வந்து சேரவேண்டும் என்பதற்காகத்தான் அந்த இரண்டடிக் கணக்கு. 12.5 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு போர்டு சுமார் 25 கிலோ இருக்கும். பன்னிரண்டுக்குப் பத்தடி அறைக்கு நான்கு போர்டு என்றால், தலைக்குமேல் தொங்குவது போர்டு மட்டுமே 100 கிலோ. மரத்தில் ஈரம் நிற்கக்கூடாது. பச்சைமரம் காயக்காயச் சுருங்கி முறுக்கிக்கொள்ளும், இணைப்புகளில் டேப் ஒட்டிப் பட்டி பார்த்த இடமெல்லாம் கீறல் விடும். கறையான் மருந்தை மூடும் முன்பே அடித்துவிட வேண்டும். கடைசிப் போர்டு ஏறிய பிறகு, செய்த வேலை சரியா என்று தச்சரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

எதையும் மறைக்காத கூரையும் தமிழ்நாட்டில் இருந்தது. சென்னையிலும் புதுச்சேரியிலும் பழைய வீடுகளில் பார்க்கக் கிடைக்கும் மெட்ராஸ் டெரஸில், தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லி, அதற்கும் மேல் தட்டோடு. கீழே படுத்திருப்பவர் எந்தக் கட்டை எந்தச் சுவரில் போய் உட்காருகிறது என்று பார்த்துக்கொண்டே தூங்கலாம். ஒரு கட்டையில் கறையான் ஏறினால் மண்கோடு தெரியும். ஈரம் இறங்கினால் அந்த இடம் கறுக்கும். பியூஜின் கேட்ட நேர்மை இதுதான். ஆனால் இந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் தங்கள் கூரையை ஒழுக்கத்தின் சின்னமாகக் கருதியதாகத் தெரியவில்லை. கல்யாணம் என்றால் அதே கட்டைகளுக்குக் கீழே வண்ணத்துணியில் விதானம் கட்டினார்கள். வீடு பொய் பேசத் தொடங்கிவிட்டது என்று யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஜப்பானின் பௌத்தக் கோயில்கள் இந்தக் குற்றவுணர்வே இல்லாமல் ஆயிரம் ஆண்டுகளாக இரட்டைக் கூரையோடு நிற்கின்றன. நாராவுக்கு அருகிலுள்ள ஹோர்யூஜியில் போதனை மண்டபம் 925-இல் எரிந்து, 990-இல் திரும்பக் கட்டப்பட்டது. இன்று எஞ்சியிருப்பவற்றில் மறைகூரைக்கு மிகப் பழைய சான்று அதுதான். மண்டபத்துக்குள்ளும் தாழ்வாரத்திலும் கண்ணுக்குத் தெரியும் கைமரங்கள் மென்மையான சாய்வில் அழகாக இறங்கும். அவற்றுக்கு மேலே, செங்குத்தான சாய்வில், இழைக்காத மரத்தால் கட்டிய இன்னொரு கூரை இருக்கிறது. கடும் மழையைத் தள்ளிவிடுவது அதன் பொறுப்பு. பிற்காலத் தச்சர்கள் இரண்டுக்கும் நடுவிலுள்ள இருட்டுக்குள் நீண்ட நெம்புமரங்களை நுழைத்து, அகலமான தாழ்வாரத்தை உள்ளிருந்தே தூக்கிப் பிடித்தார்கள். தெரியும் கைமரம் கண்ணுக்கு, தெரியாத கைமரம் மழைக்கு என்று வேலை பிரிந்தது.

ஸ்பெயினின் கிரானடாவில் மறைப்பே உபதேசமாகிறது. அல்ஹம்பிரா அரண்மனையின் இரு சகோதரியர் மண்டபத்தில், பதினான்காம் நூற்றாண்டில் செய்த மேல்விதானம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குழிவுகளால் ஆனது. எல்லாம் ஜிப்சம் சாந்து. எந்தக் குழிவும் பாரம் தாங்குவதில்லை; பாரம் முழுவதும் அதன் பின்னே ஒளிந்திருக்கும் கூரையுடையது. முகர்னாஸ் எனப்படும் இந்த வேலைப்பாட்டின் தொடக்கத்தைப் பதினோராம் நூற்றாண்டுப் பாக்தாதின் அஷ்அரி இறையியலோடு சில கலை வரலாற்றாளர்கள் இணைத்துப் பார்க்கிறார்கள். உலகம் நுண்ணிய துகள்களாலானது. அவை தம் இயல்பால் சேர்ந்து நிற்பதில்லை, இறைவன் நொடிக்கு நொடி நிறுத்திவைப்பதால் நிற்கின்றன என்பது அந்த இறையியல். அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டால், தூணும் வளைவுமின்றி அந்தரத்தில் மிதப்பதுபோல் தெரியும் அந்த விதானம், தாங்குபவன் இங்கே தெரியமாட்டான் என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

மறைப்பைப் பற்றி மிக விரிவாக யோசித்த மரபுகளில் ஒன்று தமிழகத்திலேயே இருக்கிறது. அத்வைதம் மாயைக்கு இரண்டு சக்திகளைச் சொல்லும்: இருப்பதை மூடும் ஆவரணம், இல்லாததைக் காட்டும் விட்சேபம். இருட்டில் கயிறு பாம்பாகத் தெரிந்தால், கயிற்றை மூடுவது ஒன்று, பாம்பைக் காட்டுவது இன்னொன்று. அறிவு வந்தால் இரண்டும் ஒழியவேண்டும். மறைப்புக்கு அங்கே மரியாதை கிடையாது. சைவ சித்தாந்தம் வேறு வழியில் போகிறது. படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் என்பவற்றோடு மறைத்தலையும் சிவனுடைய ஐந்தொழிலில் ஒன்றாக வைக்கிறது. உயிர் தன் வினைகளை அனுபவித்துத் தீர்த்து, ஆணவ மலம் பக்குவப்படும் வரை, இறைவன் தன்னை மறைத்துக்கொண்டு உலகத்தை அதன் முன் விரிக்கிறான். உயிரைக் கட்டும் மலத்துக்குத் துணைபோவது போலிருப்பதால் மறைக்கும் இந்தத் திரோதான சக்தியையும் உபசாரமாக மலம் என்று சொல்வதுண்டு. பக்குவம் வந்ததும் அதே சக்தி அருட்சக்தியாக மாறிப் பதிகிறது. மறைத்ததும் அருளியதும் ஒன்றே.

நடராசர் திருவுருவத்தில் ஐந்தொழிலுக்கும் இடம் சொல்லும் உண்மை விளக்கம் என்ற சித்தாந்த நூல், மறைத்தலை எங்கே வைக்கிறது என்பதைக் கட்டடம் கட்டுகிறவர்கள் கவனிக்கலாம். உடுக்கை படைப்பு, அமைந்த கை காப்பு, தீ அழிப்பு, தூக்கிய பாதம் அருள். மறைத்தல், ஊன்றிய பாதத்தில். ஆடுகிற உருவத்தின் எடை முழுவதும் இறங்கும் இடம் அது. சித்தாந்த ஆசிரியர் எடைக் கணக்கை நினைத்து இதைச் சொல்லவில்லைதான். ஆனாலும் தாங்குவதும் மறைவதும் ஒரே பாதத்தில் கூடியிருக்கின்றன.

ஜிப்சம் போர்டையும் இறைவனின் திரோதானத்தையும் ஒரே தட்டில் வைப்பதா என்று சித்தாந்தம் கற்றவர்கள் கேட்டால், கேட்பது நியாயம். போர்டுக்கு யாருடைய பக்குவத்தைப் பற்றியும் கவலையில்லை. ஆனால் இந்த மரபு மறைப்புக்கு விதித்திருக்கும் நிபந்தனைகளை வீட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம். மறைப்பு, மறைக்கப்பட்டவரின் நன்மைக்காக இருக்கவேண்டும். அதற்கு முடிவு உண்டாகவேண்டும். மறைத்தவனே திறப்பவனாகவும் இருக்கவேண்டும். சிதம்பரம் சிற்சபையின் மரக்கூரையைப் பற்றிச் சொல்லும் மரபுக் கணக்கில் இதன் இன்னொரு பக்கம் தெரியும்: கைமரங்கள் 64, பொன்னோடுகள் 21,600, அவற்றை இறுக்கும் ஆணிகள் 72,000. கலைகளுக்கும் ஒரு நாளின் மூச்சுக்கும் உடலின் நாடிகளுக்கும் அவை ஈடு. கீழே நின்று கும்பிடுகிறவர் ஒரு ஆணியைக்கூடப் பார்ப்பதில்லை. பார்க்கமுடியாத ஆணிக்கும் கணக்கு இருக்கிறது.

இந்த நிபந்தனைகள் இல்லாத மறைப்பு எப்படியிருக்கும் என்பதற்குக் குருட்சேத்திரம் சாட்சி. அசுவத்தாமன் என்ற யானையை வீமன் கொன்றான். தன் மகன் அசுவத்தாமன் இறந்தானா என்று துரோணர் கேட்டபோது, ஆம் என்று உரக்கச் சொன்ன தருமர், யானை என்பதை மட்டும் காதில் விழாதபடி சொன்னார். அவர் சொன்ன சொற்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அதுவரை தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிய அவருடைய தேர், அந்தக் கணத்தில் மண்ணைத் தொட்டது. துரோணரின் உயிர் எந்தச் சொல்லில் தொங்கியதோ அந்தச் சொல்லே அவருக்கு மறைக்கப்பட்டது. வாய்மையைத் தீங்கு விளைகிறதா என்ற கோலால் அளந்த வள்ளுவரும் இந்த வழக்கில் தருமரைக் காப்பாற்றமாட்டார்.

லண்டன் அப்பல்லோ அரங்கில் 2013 டிசம்பர் 19 இரவு நாடகம் நடந்துகொண்டிருந்தபோது, தலைக்குமேலிருந்த அலங்காரச் சாந்துக்கூரையின் ஒரு பகுதி பார்வையாளர்கள்மேல் இடிந்து விழுந்தது. எண்பது பேர் அளவில் காயமடைந்தார்கள். நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. 1901-இல் திறந்த அரங்கு அது. மரச்சட்டத்தில் வார்த்த சாந்துக் கூரை. அந்தச் சட்டத்தை மேலுள்ள கூரையோடு கட்டியிருந்தது சாந்தில் தோய்த்த சணல்துணி. நூறாண்டுக்கு மேலாகி அந்தத் துணிக் கட்டுகள் இற்றுப்போயிருந்தன என்று விசாரணையில் தெரிந்தது. அதற்கு ஓராண்டு முன், 2012 டிசம்பர் 2-ஆம் தேதி, ஜப்பானின் சசாகோ சுரங்கச் சாலையில் காற்றோட்டத்துக்காகத் தொங்கவிட்டிருந்த காங்கிரீட் பலகைகள் வாகனங்கள்மேல் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். கைக்கெட்டாத உயரத்திலிருந்த அதன் போல்ட்டுகளைத் தட்டிப் பார்க்கும் சோதனை பல ஆண்டுகளாக நடக்காமலிருந்தது. இரண்டு இடத்திலும் மறைவாகக் கட்டியவர்கள் எவரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

வீட்டில் நடக்கும் ஏமாற்றோ பெரும்பாலும் தெரிந்தே நடக்கிறது. மேல்தளத்தில் நீர் கசிந்து, கம்பி துருப்பிடித்து, காங்கிரீட் பெயர்ந்து விழத் தொடங்கிய வீட்டை விற்கும் முன்பு, அதைச் சரிசெய்யும் செலவில் ஒரு பங்கைக் கொண்டு பளபளப்பான ஃபால்ஸ் சீலிங் போட்டுவிடலாம். ரஸ்கினின் மூன்று குற்றங்களில் எதிலும் இது சேராது; வெள்ளைப் பலகை வெள்ளைப் பலகையாகவே இருக்கிறது. ஆனாலும் அந்த வீட்டில் நடப்பது துரோணருக்கு நடந்ததுதான். பெயரும் காரைத் துண்டுகள் ஒவ்வொன்றாகப் பலகையின் முதுகில் சேரும். கீழே குழந்தை தூங்கும்.

பொறுப்பாக மறைப்பதற்குச் செலவு அதிகமில்லை. மூடும் முன்பே தளத்தின் கசிவை அடைப்பது, சட்டமும் வயரும் தெரியும்படி ஒவ்வொரு மூலையையும் படமெடுத்து வைப்பது, அளவுகளோடு ஒரு தாளில் வரைந்து வீட்டுப் பத்திரங்களோடு சேர்ப்பது. வயர் இணைப்புப் பெட்டிக்கும் ஏ.சி. குழாய்க்கும் நேர்கீழே, ஒருவர் தலையும் தோளும் நுழையும் அளவுக்குத் திறந்து மூடும் கதவு ஒன்று விடுவது. வழவழவென்ற பரப்பில் அந்தச் சதுரக் கோடு உறுத்துகிறது என்று வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் வேண்டாமென்று சொல்லிவிடுகிறார்கள், தச்சரும் வற்புறுத்துவதில்லை. அப்பல்லோவுக்குப் பிறகு பிரிட்டனில் பழைய அரங்குகளின் சாந்துக்கூரைகளை மேலிருந்தும் கீழிருந்தும் சோதிக்கும் வழிகாட்டுதல்கள் கடுமையாயின. வீட்டின் படுக்கையறைக்குள் அப்படி எந்தச் சோதகரும் ஏணியோடு வரப்போவதில்லை. வாடகைக்கு வருகிறவரும், பத்து ஆண்டு கழித்து வாங்குகிறவரும், மேலே என்ன இருக்கிறது என்று கேட்டால், போட்டவர் விட்டுவைத்த கதவையும் தாளையும் வைத்துத்தான் பதில் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.